பாஸ்ட்டா, ஸ்லோவா?

போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் பருத்திப்பட்டு அபார்ட்மென்ட்டில் பாதிப்பேர் எதிர்வீட்டு முருகேசன் ஹாலில்தான் இருந்தோம். காரணம் — அவர் மகள் நித்யா!

கனடாவின் வடகோடியில் துணை விமானி வேலை. அன்றுதான் முதன்முதலாகப் பயணிகளோடு பறக்கிறாள். யெல்லோநைஃப் என்ற ஊரிலிருந்து இனுவிக் என்ற ஊருக்கு. ஸ்கூட்டி பழகும்போது எங்கள் கேட்டில் மோதி நின்ற பெண்... இன்று ஆர்க்டிக் பக்கம் பிளேன் ஓட்டுகிறாள். சும்மாவா?

நான் சரிபார்க்காமல் வாய் திறக்கிற ஆளில்லை, உங்களுக்கே தெரியும். இன்டர்நெட்டில் தேடி, இன்னொரு தளத்திலும் ஒப்பிட்டு, அறிவித்தேன்.

"ஆயிரத்துத் தொண்ணூறு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். நம்ம டைம் ஐந்தரைக்குக் கிளம்பினா, ஏழு மணிக்கு இறங்கிடுவா."

ஐந்தரைக்கு மெசேஜ்: 'கிளம்பறேம்மா.' கைதட்டல்! தட்டுத் தட்டாகக் கேசரி. போனில் தெரிந்த மேப்பில் குட்டி மஞ்சள் பிளேன் நகர ஆரம்பித்தது.

"அப்டியே போய்க்கினே இரு கண்ணு!" — முருகேசன் போனைப் பார்த்துக் கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் பிளேன் மேப்பிலிருந்து மறைந்தது. "அந்தப் பக்கம் சிக்னல் இருக்காது" என்றேன். ஏழானது. ஏழரையானது. போன் வரவில்லை. நித்யாவின் அம்மா செல்வி, மாங்காட்டுக் கோயிலில் கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கையில் இறுக்கியபடி என்னையே பார்த்தார்.

"ஏழு மணின்னு சொன்னீங்களே சார்?"

நான் ஏழு என்று சொல்லியிருக்காவிட்டால், ஏழரைக்கு அந்தத் தாய் ஏன் பயப்படப்போகிறாள்?

அதுவரை குறுக்கும் நெடுக்கும் நடந்த முருகேசன் நின்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்தப் பட்டறை; இன்றும் போக வர எலெக்ட்ரிக் டிரெயின்தான்.

"சார், அது பாஸ்ட்டா, ஸ்லோவா?"

"பிளேன்ல ஏதுங்க ஸ்லோ?"

"அட, நடுவுல எங்கனா நிக்குமா?"

அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

எட்டே முக்காலுக்கு போன் அலறியது. செல்வி ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாம்மா, இவ்ளோ மிஸ்டு கால்? நடுவுல நார்மன் வெல்ஸ்னு ஒரு ஊர்ல நின்னு, ஆளுங்கள ஏத்திக்கினு வந்தோம். இது ஜெட் இல்லம்மா, காத்தாடி வெச்ச பிளேன்! இனுவிக்ல நான்தான் இறக்கினேன். சூப்பர்னு கேப்டன் சொன்னாரு!"

ஹால் அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். செல்வி மட்டும் அழுதுகொண்டே, "சாப்ட்டியா?" என்றார்.

இணையம் சொல்லும் தூரம், எங்கும் நிற்காமல் பறக்கிற பறவையின் தூரம். நிஜப் பயணத்தில் நடுவில் ஓர் ஊர் வரும். அங்கே நாலு பேர் பெட்டியோடு காத்திருப்பார்கள். பாஸ்ட் வண்டிக்கும் ஸ்லோ வண்டிக்கும் வித்தியாசம் பார்த்து தினமும் ஆவடியில் ரயிலேறும் எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

கேசரியை மறுபடி சூடாக்கி, முதல் தட்டை என்னிடம் நீட்டினார் செல்வி.

"அடுத்த தபா தூரத்த மட்டும் சொல்லுங்க சார். நேரத்த எம் பொண்ணே சொல்லுவா!"