மாமாவின் வெளிநடப்பு

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி முடிந்ததும் மலையாளச் செய்தி ஓடும். முன்னதில் 'வெளிநடப்பு' என்பார்கள், பின்னதில் 'இறங்கிப்போக்கு'. இரண்டும் ஒன்றுதான் என்று அப்பா சொன்னார். சட்டசபையில் கோபித்துக்கொண்டு வெளியே போவார்களாம், வாசலில் நின்று பேட்டி கொடுப்பார்களாம், அடுத்த விஷயத்துக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

சித்தியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கே வந்தது. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், கல்யாணச் சமையலுக்கு முதல் அடுப்பைப் பற்றவைப்பது பெண் வீட்டின் மூத்த ஆண். தாத்தா இல்லாததால் அது மாமாவின் உரிமை. மறுநாள் சித்தியின் கையைப் பிடித்துக் கொடுக்கவேண்டியவரும் அவர்தான். அவர் வெள்ளறடையிலிருந்து பஸ்ஸில் வந்து சேருமுன் சமையல்காரர் அவசரப்படுத்த, அப்பா தீக்குச்சியை உரசிவிட்டார்.

மாமா வந்தார். எரிகிற அடுப்பைப் பார்த்தார்.

"வீட்டு மருமகன் கொளுத்தியாச்சு. பின்ன நான் எதுக்காக்கும்? நாளைக்குக் கையும் அவரே பிடிச்சுக் குடுக்கட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார். அம்மா கூப்பிட்டும் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் யாரும் பின்னால் ஓடவில்லை. பெரியவர்கள் வாசற்படியை எட்டிப் பார்ப்பதும், "வருவாரு, வருவாரு" என்பதுமாக இருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். மாமாவின் செருப்பு படியிலேயே கிடந்தது. ஐயோ பாவம், கோபத்தில் மறந்துவிட்டார், உச்சி வெயிலில் ரோடு சுடுமே என்று, யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மாமா பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளறடை பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போனது. அவர் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் இடம் இருந்ததை நான் பார்த்தேன். அந்த சீட்டு அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

செருப்பைக் காலடியில் வைத்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இத யாரு மக்கா தந்துவிட்டது? உங்க அப்பனா?"

"யாரும் இல்ல மாமா. நானாக்கும் எடுத்துட்டு வந்தேன். கால் சுடும்லா?"

"நெசமா யாரும் சொல்லல்லியா?" என்று மறுபடியும் கேட்டார். சத்தியம் செய்தேன். பிறகு எனக்குத் தெரிந்த அரசியலையும் சொன்னேன். "நீங்க பண்ணினது வெளிநடப்பு மாமா. அடுத்த விஷயத்துக்குத் திரும்பி வந்திரணும். அதாக்கும் சட்டம்."

மாமா என்னை உற்றுப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

அதற்குள் அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார், வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக. மாமாவைக் கண்டதும் அப்படியே நின்றார். "மச்சான், தப்பா நினைக்காதீங்க. பாயசத்துக்கு உள்ள அடுப்பு இன்னும் கொளுத்தாம கெடக்கு. நீங்க வந்துதான் கொளுத்தணும்."

"அப்போ அடுத்த விஷயம் பாயசமாக்கும்" என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சித்தி வாசலில் அழுதுகொண்டு நின்றாள். என்னைக் கட்டிப்பிடித்து, அதே கையோடு முதுகில் ஓர் அடியும் வைத்தாள்.

"செருப்ப எதுக்குட்டீ எடுத்துட்டுப் போன? நெசமாவே போயிட்டாருன்னு நினைச்சிட்டேன்."

கால் சுடாமல் காப்பாற்றியவளுக்கு அடியா? பாயசம் கொதித்து மணந்தபோது, எனக்கு வேண்டாம் என்று அறிவித்துவிட்டு வெளியேறி, ரோட்டோர மாமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். தம்ளரோடு என்னைத் தேடி வந்தவர் மாமாதான்.

என் செருப்பு வாசற்படியில் கிடந்தது. அதை ஏன் போட்டுக்கொள்ளாமல் வந்தேன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.