இரவல் நாற்காலியும் வறுமைக் கோடும்

போன மாதம் எங்கள் வீட்டில் சமையல் செய்யும் இசக்கியம்மாள் லீவு கேட்டாள். "நாளைக்கு வீட்டுக்கு ஆபீசர் வாராருக்கா. நீங்களும் வாங்க. படிச்ச ஆளு ஒண்ணு கூட இருந்தா தைரியமா இருக்கும்லா."

விஷயம் இதுதான். அவள் கணவர் தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் வேலை செய்கிறார். இதய வால்வு பழுது. ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழைக் குடும்பம்தான் என்று நேரில் பார்த்து உறுதி செய்தால், ஒரு டிரஸ்ட் முழுச் செலவையும் ஏற்குமாம். அதற்குத்தான் ஆபீசர்.

"வீட்டை உள்ளபடியே விட்டுடு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினாள்.

மறுநாள் செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து அவள் குடியிருக்கும் சந்துக்குப் போய்ப் பார்த்தால்... அது அவள் வீடாகவே இல்லை. எதிர்வீட்டு குஷன் நாற்காலி. மாடிவீட்டு மிக்ஸி. கட்டிலில் மடிப்புக் கலையாத புது பெட்ஷீட். அவள் கழுத்தில் தங்கச்சியின் செயின். வீடு தேடி வரும் மனிதரை வெறுந்தரையில் உட்கார வைக்கலாமா என்று சந்தே கூடி வீட்டை ஜோடித்திருக்கிறது!

ஆபீசர் மரியாதையான இளைஞர். நாற்காலியில் உட்கார்ந்தார். கூல்டிரிங்க் வந்தது. சந்து முழுக்க வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. "சாப்பாட்டுக்கு எப்போதாவது கஷ்டம் உண்டா?" என்று இந்தியில் கேட்டார்.

"பகவான் கா தியா சப் குச் ஹை, சாப்" என்றாள் இசக்கியம்மாள். கடவுள் புண்ணியத்தில் எல்லாம் இருக்கிறதாம்.

"இந்த நாற்காலி இவர்களுடையது இல்லை" என்று இந்தியில் ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே மறித்தாள். "மேடம் மஜாக் கர்தி ஹை, சாப்." நான் விளையாடுகிறேனாம். கட்டில் ஓரத்தில் அவள் கணவர் மூச்சு வாங்கியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் போனதும் கத்திவிட்டேன். "அவர் உயிரைவிட உனக்குக் கௌரவம் பெருசா?"

"ஊரே வாசல்ல நிக்கி. எங்களுக்குக் கஞ்சிக்கு வழியில்லன்னு எப்படிக்கா சொல்லுவேன்? நாளைக்கு எம்மவளப் பொண்ணு கேட்டு ஒருத்தன் வருவானா?" என்றாள். பிறகு அழுதாள்.

டிரஸ்டிலிருந்து பதில் வந்தது: வசதியான குடும்பம், உதவி இல்லை.

வறுமைக் கோட்டை எங்கே போடுவது? எவ்வளவு வருமானம், எவ்வளவு சாப்பாடு என்று டி.வி.யில் மேதைகள் மோதிக்கொள்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் போடட்டும். நான் அதற்குக் கீழேதான் இருக்கிறேன் என்று நாலு பேர் முன்னால் ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே... அதை யார் யோசிக்கிறார்கள்?

டிரஸ்டில் கெஞ்சிக் கூத்தாடி, இன்னொரு முறை வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தேன். இசக்கியம்மாளிடம் சொன்னபோது அடுப்பைத் தணித்தாள். பிறகு, "கதவச் சாத்திக்கிட்டுப் பேசலாமான்னு கேட்டுச் சொல்லுதியளாக்கா?" என்றாள்.

கேட்டேன். "தாராளமா சாத்திக்கலாம், மேடம்" என்றார் ஆபீசர். "ஆனா, அப்புறம் அக்கம்பக்கத்துல விசாரிப்போம். அதுதான் ரூல்."

இன்னும் அவளிடம் சொல்லவில்லை.