ஒன்பது பார்ட்டுக்காரி

பெவர்லி ஆஷ்வர்த்துக்கு உட்காரத் தெரியாது. சின்ன வயதில், வட இங்கிலாந்தில் அவர்கள் ஊரான ராச்டேல் தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது அவள் கால் ஆடுகிற ஆட்டத்தில் அந்த வரிசை பெஞ்சே ஆடும். "காலை ஆட்டாதடி" என்று அவளுடைய அம்மா ஹில்டா தொடையில் ஒன்று வைப்பாள். நாலு நிமிஷம் நிற்கும். அப்புறம் இன்னொரு கால் ஆரம்பிக்கும்.

நடனம் கற்றுக்கொடுத்தால் அடங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஹில்டா அவளை வகுப்பில் சேர்த்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். பதினேழு வயதில் பெவர்லி கிறிஸ்துமஸ் நாடகத்தில், இரண்டு பேர் சேர்ந்து போடுகிற குதிரை வேஷத்தின் பின்பாதியாக இருந்தாள். பத்தொன்பதில் நார்வே போகிற கப்பலில் தினம் இரண்டு ஆட்டம். அப்புறம் ஊர் ஊராகச் சுற்றும் கம்பெனிகள். நல்ல குரல். தனியாக நின்று ஆளை மிரட்டுகிற குரல் இல்லை, யாருடைய குரலோடும் போய் ஒட்டிக்கொள்கிற குரல். அதனால்தான் பிழைத்தாள், அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

இருபத்தெட்டு வயதில் லண்டனில் 'உப்புக் காற்று' என்ற இசை நாடகத்தில் ஸ்விங்காகச் சேர்ந்தாள். ஸ்விங் என்றால் சொந்தமாக ஒரு பார்ட் கிடையாது. மற்றவர்களின் பார்ட் எல்லாம் மனப்பாடம் இருக்க வேண்டும், எவளுக்குக் காய்ச்சல் வருகிறதோ அவளுடைய உடுப்பை மாட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். பெவர்லிக்கு ஒன்பது பார்ட். காலையில் மேடை மேலாளர் டெரெக் போன் செய்து, "பெவ், இன்னைக்கு நீ நோரா" என்பார். சில நாள் பாதி ஆட்டத்தில் நோராவாக இருந்தவள் மீதிப் பாதியில் மீன்கூடைக்காரியாக வருவாள். ஒன்பது வருஷம் அவள் ரொட்டியை நின்றுகொண்டே தின்றாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. இந்தத் தொழிலில் எல்லாரும் பெயருக்காகத்தானே செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹில்டாவும் அந்தக் கட்சிதான். மூன்று முறை ரயிலேறி வந்தாள். மூன்று முறையும் எந்தச் சனியனுக்கும் காய்ச்சல் வரவில்லை.

"மூணு தடவை லண்டன் வந்தாச்சு. உன்னைத் தவிர எல்லாரையும் பார்த்தாச்சு" என்றாள் ஹில்டா. "தெருவுல கேக்கறாங்க, உன் பொண்ணு என்ன வேஷம்னு. என்னத்தச் சொல்ல? யாருக்காவது வயித்தால போச்சுன்னா வருவா, அப்படின்னு சொல்லவா?"

அதனால்தான் முப்பத்தேழாவது வயதில், அக்னஸ் பார்ட்டை ஒரு வருஷத்துக்கு உனக்கே தருகிறோம் என்று கம்பெனி சொன்னபோது, பெவர்லி யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அக்னஸ் இரண்டாவது பெரிய பார்ட். நிகழ்ச்சிப் புத்தகத்தில் பெயர், பெயருக்கு மேலே போட்டோ. ஹில்டா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

முதல் நாளே குட்டு உடைந்தது. அக்னஸும் நோராவும் அக்கா தங்கைகள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு. நோராவாக ஃபிலிப்பா. பாட்டு தொடங்கியதும் பெவர்லியின் வாய் தானாக நோராவின் வரியைப் பாடிவிட்டது. ஃபிலிப்பா கெட்டிக்காரி. கண் இமைக்காமல் அக்னஸின் வரியை எடுத்துக்கொண்டாள். பாட்டு முடிகிற வரை அக்கா தங்கையாகவும் தங்கை அக்காவாகவும் பாடினார்கள். சபையில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியவில்லை.

"ஏண்டி, உன் பார்ட் கிடைச்சது பத்தாதுன்னு என் பார்ட்டும் வேணுமா?" என்றாள் ஃபிலிப்பா, உள்ளே வந்ததும். எல்லாரும் சிரித்தார்கள். பெவர்லியும் சிரித்தாள். உள்ளுக்குள் பயந்துவிட்டாள்.

பயந்தபடியே ஆயிற்று. தினமும் அதே படி, அதே நாற்காலி, அதே கண்ணீர். தன் காட்சி இல்லாத நேரத்தில் அறையில் உட்கார முடியவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் போய் நின்று எல்லாருடைய வசனத்தையும் உதட்டுக்குள் சொன்னாள். காலையில் போன் அடிப்பதில்லை. அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டாள். பார்ட் கிடைத்தும் இப்படித் தவிக்கிறோமே, நாம் என்ன பிறவி என்று தன்மேலேயே கோபம் வந்தது. நன்றி கெட்டத்தனம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பதினோராவது மாதம் கடிதம் வந்தது. இன்னொரு வருஷம் அக்னஸாக இருக்கச் சம்மதமா, திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். மாட்டேன் என்றால் பழையபடி ஸ்விங்காகப் போகலாம், பெயர் கடைசிப் பக்கத்துக்குப் போகும், சட்டத்தில் மாட்டியது ராச்டேலில் பொய்யாகிவிடும். அந்தச் சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்கு ஹில்டா வருவதாக இருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சையால் பத்து மாதம் தள்ளிப்போன பயணம். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று கடிதத்தைப் பையில் வைத்திருந்தாள் பெவர்லி.

சனிக்கிழமை முதல் பாதி நன்றாகவே போனது. இடைவேளை விட்டதும் இரும்புப் படியில் யாரோ விழுந்த சத்தம். மீனவனின் விதவையாக வருகிறவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் பாதியில் அவளுக்கு ஒரே ஒரு பாட்டு. அது இல்லாவிட்டால் கதையே நிற்காது. அன்றைக்கு மற்ற ஸ்விங்குகள் எல்லாரும் ஏற்கெனவே வேறு வேஷங்களில். மிச்சம் இருந்தது டாம்சின் மட்டும், சேர்ந்து மூன்று வாரம்.

"விதவை வருமா உனக்கு?" என்றார் டெரெக்.

"இன்னும் படிக்கல, டெரெக். அக்னஸ்தான் வரும்" என்றாள் டாம்சின். உதடு வெளுத்துவிட்டது.

"அப்ப இவளை அக்னஸாப் போடு. விதவையை நான் பார்த்துக்கறேன்" என்றாள் பெவர்லி.

டெரெக் அவளைத் தனியாக இழுத்தார். "உங்க அம்மா மூணாவது வரிசைல உக்காந்திருக்காங்க, பெவ். உன் பெரிய பாட்டே இனிமேதான் வருது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் அக்னஸின் கொக்கிகளைக் கழற்றி முடித்திருந்தாள். அம்மாவை நினைத்தாள், நினைக்காமல் இல்லை. ஆனால் கை நிற்கவில்லை. நரைமுடி, கறுப்புச் சால்வை, முகத்தில் நாலு கோடு. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

ஆட்டம் முடிந்து, எதிர்த்தெரு டீக்கடையில் ஹில்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தாள். பெவர்லி எதிரில் உட்கார்ந்தாள்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள் ஹில்டா.

"என்னம்மா?"

"ரெண்டாம் பாதில வேற எவளோ ஒரு குட்டி வந்து நின்னா. நான் பொம்பளைங்க கழிப்பறை வரிசைல நின்னு நின்னு, உள்ள வரும்போது விளக்கை அணைச்சுட்டாங்க. என்னமோ அறிவிச்சாங்களாம், நான் கேக்கல."

"முதல் பாதி எப்படிம்மா இருந்துச்சு?"

ஹில்டா சர்க்கரையைக் கலக்கினாள். "நல்லாத்தான் பாடினே. பிரசங்கத்துல உக்காந்திருப்பியே, அப்படி இருந்துச்சு மூஞ்சி. எப்படா முடியும்னு." கரண்டியை வைத்தாள். "ஆனா அந்த விதவைக் கிழவி இருந்தாளே. யாருடி அவ? எங்கேருந்து புடிச்சாங்க? உங்க அப்பா போனப்போகூட நான் அப்படி அழுததில்ல. கைக்குட்டை ஈரமாயிருச்சு, பாரு."

பெவர்லி கைக்குட்டையைப் பார்த்தாள். "நான்தாம்மா அது."

"போடி. பொய் சொல்லாத."

பெவர்லி மேசைமேல் குனிந்து, அந்தப் பாட்டின் கடைசி வரியைத் தாழ்ந்த குரலில் பாடினாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். ஹில்டா நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டி விதவையின் படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் இருந்தது வேறு முகம், வேறு பெயர்.

பெவர்லி பையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். போன் அடிக்காத காலைகளை, நோராவின் வரியை, ஆறிப்போகிற டீயை. "கையெழுத்துப் போட்டா பேர் இருக்கும்மா. போடலைன்னா உன் சட்டத்தைக் கழட்டணும்."

ஹில்டா கடிதத்தை விரித்துப் பார்த்தாள். "மில்லுல தறி ஓட்டிட்டிருந்தப்ப என்னை ஒரு தடவை துணி சரிபார்க்கற இடத்துல போட்டாங்க. நாற்காலி, ஜன்னல், ஒரு துணி. அங்க போறதுக்குப் பொம்பளைங்க அடிச்சுக்குவாளுக. மூணு வாரம் இருந்தேன். பைத்தியம் புடிக்கற மாதிரி ஆயிருச்சு. மறுபடி தறிக்கே ஓடிட்டேன். உங்க பாட்டி என்னோட ஒரு வருஷம் பேசல."

"இதை நீ சொன்னதே இல்லையே, அம்மா."

"சொல்ற விஷயமா அது?" ஹில்டா கடிதத்தை மடித்து மகள் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போடாதே என்று வாயால் சொல்லவில்லை. மேசை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பெவர்லி தன் காலைப் பார்த்தாள். அது சும்மா இருந்தது.

"ஒன்பது பார்ட்டா மொத்தம்?" என்றாள் ஹில்டா.

"ஒன்பது."

"எனக்கு ஆறு தறிதான் குடுத்தாங்க" என்றாள் ஹில்டா. பொறாமையாகத்தான் சொன்னாள்.