காருக்கு அடியில் நான்கு மூட்டை உப்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் வாசலில் காரை நிறுத்தி இன்ஜின் மவுண்டிங் மாற்றினான். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் அவை. தேய்ந்துபோனால் வண்டியே நடுங்கும். அடியில் ஜாக்கி ஒன்று, மரக்கட்டை இரண்டு. ஆறு முறை குனிந்து எண்ணிப் பார்த்தேன். ஏழாவது முறை, “கட்ட எங்கயும் ஓடிப்போவாதுப்பா. உள்ள போய் டிவி பாருங்க” என்றான். இந்த 2005-இல் எனக்கு அறுபத்திரண்டு வயது. அவன் சொன்னது சரிதான், மரக்கட்டை கரையாது.

எனக்கு ஒன்பது வயதான கோடையில், மரக்காணத்தில் எங்கள் தெருவில் இருந்த ஒரே கார் தாய்மாமாவுடையது. பாண்டிச்சேரியில் யாரோ கழித்துவிட்டதை வாங்கி, எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார். கிளப்பினால் நான்கு கதவும் தந்தியடிக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி கண்டால் அந்தக் காரில்தான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. இந்தக் குலுக்கலில் போனால் பிள்ளை பாதி வழியிலேயே பிறந்துவிடும் என்றாள் அம்மா. அதைக் கேட்டுத்தான் மாமா தானே ரப்பர் மாற்ற இறங்கினார்.

பழைய ரப்பர் இரண்டையும் கழற்றிய பிறகு, ஜாக்கி இரவல் கொடுத்த லாரிக்காரர் வந்து அதைத் திருப்பிக் கேட்டார். மாமா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். வீட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை. சிறிய மூட்டைகளாக நான்கை அடுக்கி, மேலே பலகை போட்டு, இன்ஜினை அதன்மேல் உட்காரவைத்தார். புது ரப்பர் வாங்கப் பஸ் ஏறுமுன் என்னிடம் சொன்னார்:

“மழ கிழ வந்தா மேல்பக்கமா ஒரு வரப்பு போட்டுடுடா. தண்ணி மூட்டைங்ககிட்ட வரக்கூடாது.”

சித்திரையில் யார் மழையை எதிர்பார்ப்பார்கள்? மத்தியானம் கொட்டியது. வரப்பு எனக்கு நினைவிருந்தது. ஆனால் மேல்பக்கம் போட்டால் தண்ணீர் விலகித் தெருவுக்குப் போய்விடும். கீழ்ப்பக்கம் போட்டால் காருக்கு அடியில் குளமாக நிற்கும். கீழ்ப்பக்கமே அணை கட்டினேன். பதினொரு காகிதக் கப்பல் விட்டேன். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கடல் என்றே வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா திரும்பியபோது மூட்டைகள் வெறும் சாக்குகளாகக் கிடந்தன. இன்ஜின் முன்பக்கம் சரிந்து, விசிறி ரேடியேட்டரைக் குத்திக் கிழித்திருந்தது. உள்ளே அக்கா முனக ஆரம்பித்திருந்தாள். மாமா அணையைப் பார்த்தார், கப்பல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெருவில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா அணையைக் காலால் உதைத்து உடைத்து, மண்ணைத் தேய்த்துச் சமமாக்கினார். பதினொரு கப்பலும் சாக்கடைக்குப் போயின.

“உப்பளத்துலயே பொறந்து வளந்தவன், உப்பு கரையும்னு தெரியாதா உனக்கு?” என்றார் அப்பா.

“என் தப்புதாங்க. வரப்பு போடணும்னே தோணல” என்றார் மாமா.

காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஒரு மனிதனுக்கு மறந்துபோகுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஜாக்கிக்காரரின் லாரியிலேயே, உப்பு மூட்டைகள்மேல் மெத்தை போட்டு அக்காவை ஏற்றிப்போனார்கள். ஆஸ்பத்திரி வாசலை அடைந்த கால் மணி நேரத்தில் பெண் குழந்தை. இருவரும் சௌக்கியம். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் அப்பா அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. மாமா சிரித்தபடி தலையைக் குனிந்துகொள்வார்.

நானோ, அணையை உடைத்ததற்காக அவரோடு ஒன்பது நாள் பேசவில்லை.