ரெண்டு வரிக்கு இடம்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதின கிராணி செத்தது சீனி வியாதியில். என் வீட்டுக்காரர் செத்ததும் அதே வியாதியில்தான். தோட்டத்தில் காலையில் கிராணி பேர் கூப்பிடுவார், இவர் வரிசையில் நின்று பதில் சொல்லுவார். ஈப்போவில் ரத்தம் சுத்தம் பண்ணும் இடத்தில் ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மிஷினுக்குக் கிராணி, கூலி தெரியாது. ஒரே மாசத்தில் ரெண்டு பேரும் போனார்கள்.

அப்புறம் பேப்பரில் தெரிந்தது வித்தியாசம். வருசா வருசம் கிராணிக்குப் பெரிய நினைவஞ்சலி. கோட்டு போட்ட படம், கீழே எட்டு வரிக் கவிதை. கிராணியம்மா அதை மடித்து எடுத்துக்கொண்டு ஈப்போவை ஒட்டின ஜெலாப்பாங்கில் என் வீட்டுக்கே வருவார்.

"படிச்சுப் பாரேன். எழுத்துக்கூட்டத் தெரியுமில்ல உனக்கு?"

தோட்டப் பள்ளியில் மூணாங்கிளாஸ் வரை போனவள் நான். மெதுவாகப் படிப்பேன். நிலவே, தீபமே, ஆலமரமே. வயிறு எரியும். என் புருசன் மட்டும் என்ன, தீக்குச்சியா?

இவருக்கும் மகன் போடுவான், தபால்தலை அளவில். முகம், பேர், தேதி. அவ்வளவுதான். இந்த வருசம் நானே பேப்பர் கடைக்குப் போய், விளம்பரம் வாங்கும் தம்பியிடம் கவிதை கேட்டேன்.

"சின்னக் கட்டத்துல கவிதைக்கு இடமில்லக்கா. பெருசு எடுத்தா நாங்களே போட்டுத் தருவோம் லா."

"சின்னக் கட்டம் எடுக்குறவ சின்னதாத்தான் அழணுமா?"

"நான் என்னக்கா பண்றது, அளவு அப்படி." கொஞ்சம் யோசித்தான். "படத்த எடுத்துட்டா ரெண்டு வரி நிக்கும்."

அந்த முகத்தைப் பேப்பரில் பார்க்க வருசம் முழுக்கக் காத்திருப்பேன். கிராணிக்கு ரெண்டும் உண்டே. இருந்தாலும் படத்தை எடுக்கச் சொன்னேன். தோட்டத்தில் எந்த இழவு வீட்டிலும் முதலில் ஒப்பாரி எடுப்பவள் நான்தான். வரிக்கு யாரிடம் போக வேண்டும்? அங்கேயே நின்று சொன்னேன், தம்பி எழுதிக்கொண்டான்.

நீ சீவுன மரமெல்லாம் மறுபட்டை கட்டிருச்சே
ஊசி குத்துன உங்கை ஆறலியே எஞ்சாமி

பேப்பர் வந்த அன்றைக்கே கிராணியம்மா வந்தார். ரெண்டு தரம் படித்தார்.

"யாரு எழுதுனது?"

"நாந்தான்."

"எங்க அவரு கையும் கடைசி வரைக்கும் ஆறல. அடுத்த வருசம் அவருக்கும் ரெண்டு வரி சொல்லிக் கொடேன்."

"உங்களுக்குத்தான் எட்டு வரி இருக்கே."

"அது பேப்பர்காரங்க எல்லாருக்கும் போடுற அதே கவிததானே."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் படத்தைக் கொடுத்து வாங்கின வரி. அதையும் பங்கு போடுவதா?

"எனக்கு வராதுங்க," என்றேன்.

வரும். சொல்ல மாட்டேன்.