பிரெஞ்சுக் காமுகனுக்கு எங்கள் மண்டபம் போட்ட கும்பிடு

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் பர்மியர். கோபப்படுவது வளர்ப்பின் குறை என்று நினைக்கிற சாதி அவர். அவரே ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் உண்டு: என் கோபத்தால் விளைந்த ஒரே நன்மை, போன வருடம் எங்கள் தமிழ் மண்டபத்தில் நடந்ததுதான்.

கதை இங்கே பர்மாவில், பன்சோடான் தெரு நடைபாதையில் தொடங்கியது. அங்கே பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு. அந்தக் காலத்தில் பிரான்சில் இந்த வகைப் புத்தகங்கள் ஏராளம். வேலை வெட்டி இல்லாத பிரபுக்கள், பட்டுத் திரைகள், மெத்தை வைத்த சோபா, ஒரு பெண்ணை வீழ்த்த இருநூறு பக்கப் பேச்சு. என் கைக்கு வந்ததில் கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி ஊரைவிட்டு ஒதுங்கி, தோட்டமும் பிரார்த்தனையுமாக வாழ்கிறாள். அவள் கதவைத் தனக்காகத் திறக்க வைப்பதாக ஒரு பிரபு சீட்டாட்ட மேசையில் பந்தயம் கட்டுகிறான். அவ்வளவுதான் கதை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதைப் பர்மிய மொழியில் பெயர்த்து, நகலெடுத்து, கம்பி போட்டு வைத்துக்கொண்டேன்.

வீட்டில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படிக்கிறவர்களுக்கு முதலில் கொடுத்தேன். பையன்கள் ‘அந்த’ப் பக்கங்களைத் தேடிப் புரட்டி, எல்லாம் வெறும் பேச்சாக இருக்கிறதே என்று ஏமாந்து திருப்பிக் கொடுத்தார்கள். பெண்களோ நாலே பக்கத்தில் அவனை அளந்துவிட்டார்கள்.

“இவன் நம்ம போட்டோவுக்கெல்லாம் ஹார்ட் போட்டுக்கிட்டு திரியிறவன் மாதிரி, ஸயாமா,” என்றாள் ஒருத்தி. ஸயாமா என்றால் இங்கே டீச்சர். “இது கூடவா தெரியல அந்தப் பொம்பளைக்கு? சரியான மக்கு.”

அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பந்தயம் முதலிலேயே தெரிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் புத்திசாலிதான். இருநூற்றைம்பது வருடம் தள்ளி நின்றுகொண்டு அவளை மக்கு என்பதற்கு என்ன திறமை வேண்டும்? ஏமாறாமல் படித்தவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதை அந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். பிறகு சாப்பாடு. பேசுகிறவர் எப்போதும் ஆண்தான். சோறு வடிக்கிற இடத்தில்தான் எங்களுக்கு முதல் மரியாதை. சண்டை போட்டுப் போட்டு ஒரு மாதத்தை நான் வாங்கினேன். மண்டபத் தலைவர் இரும்புச் சாமான் கடைக்காரர், எல்லோருக்கும் அண்ணன். என்ன புத்தகம் என்று போனில் கேட்டார். விதவை, பிரார்த்தனை, பிரபு, பந்தயம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் காதில் முதல் இரண்டு மட்டும் விழுந்திருக்கிறது. மறுநாள் வைபரில் அறிவிப்பு வந்தது: ‘ஒரு விதவையின் பக்தி. சொற்பொழிவும் அன்னதானமும்.’

ஞாயிற்றுக்கிழமை போனால் மண்டபம் நிரம்பி வழிகிறது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறி வந்திருந்தார்கள். மிங்கலாடோன் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். என் மேசைமேல் கடோபுவே வைத்திருந்தது. தேங்காயைச் சுற்றி வாழைச்சீப்பு அடுக்கிய அந்தப் படையலைச் சாமிக்கும் பெரியவர்களுக்கும்தான் வைப்பார்கள். நான் தலைவரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“அண்ணே, இது பக்திக் கதை இல்ல. ஒருத்தன் ஒரு பொண்ணக் கெடுக்கப் பாக்குற கதை. அன்னைக்கே போன்ல சொன்னேனே.”

அவர் முகம் வெளுத்தது. “இப்ப வந்து சொல்றியேம்மா! பிள்ளகுட்டியெல்லாம் ஒக்காந்திருக்கு. ஏதாச்சும் ஒரு சாமி கதையச் சொல்லிட்டு எறங்கிரு.”

“மாட்டேன்.”

“அப்ப கேட்டுக்க. ஒரு அசிங்கம் நடந்துச்சு, இனிமே இந்த மேடையில எந்தப் பொம்பளையும் ஏற முடியாது. நான் தலைவரா இருக்கிற வரைக்கும் கிடையாது.”

என் வாய்ப்பு போனால் போகட்டும். பெண்கள் பக்கம் பார்த்தேன். முன்வரிசையில் தலைவரின் மனைவி உட்பட எத்தனையோ பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முறையையும் சேர்த்து நான் தொலைத்துவிடக் கூடாதே என்று பயந்தேன். பயத்தோடு கோபமும் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். பந்தயத்தைக் கடைசியில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

கரண்ட் இல்லாததால் பேட்டரி மைக். விதவையையும் அவளுடைய தோட்டத்தையும் சொன்னேன். தினம் மாலையில் அவள் வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் நிற்கிற பிரபுவைச் சொன்னேன். பிறகு அவன் பேசுவதை முதலில் பர்மிய மொழியில் படித்து, தமிழிலும் சொன்னேன்.

“அம்மணி, ஆசைதான் எல்லாத் துன்பத்துக்கும் வித்து. இதை நான் நூல்களில் படித்தேன். உங்கள் முகத்தில்தான் புரிந்துகொண்டேன். நான் இந்த வாசலில் நிற்பது உள்ளே வருவதற்காக அல்ல. வெளியே நிற்கக் கற்றுக்கொள்வதற்காக.”

மண்டபம் உருகிவிட்டது. நல்லுரை கேட்டால் கை கூப்பி ‘தாடு’ என்று மூன்று முறை சொல்வது பௌத்தர்களின் வழக்கம். நன்று நன்று என்று அர்த்தம். எங்களில் பாதி வீடு கலப்பு வீடு, ஆகவே எல்லோருக்கும் அது நாக்கிலேயே இருக்கிறது. மண்டபம் முழுக்கக் கை கூப்பியது.

“தாடு! தாடு! தாடு!”

முதலில் எழுந்த குரல், உரத்த குரல், தலைவருடையது. கண்ணை வேறு மூடியிருந்தார்.

சத்தியமாக இதை நான் எதிர்பார்க்கவில்லை. மைக்கை வாய்க்கு நெருக்கிப் பிடித்துச் சொன்னேன்:

“இப்ப நீங்க கும்பிட்டீங்களே, அவன் இந்த வாசலுக்கு மொத நாள் வர்றதுக்கு முன்னாடியே கூட்டாளிககிட்ட பந்தயம் கட்டிட்டு வந்திருக்கான். இந்தப் பொண்ணோட கட்டிலுக்குப் போறதுக்காகத்தான் இந்தப் பேச்சு எல்லாம்.”

கூப்பிய கைகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் சிரித்தது தலைவரின் மனைவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கணவரைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவி, டாலாக்காரர்கள்வரை போய்விட்டது. தலைவர் கையை உயர்த்தி எழுந்தார்.

“போதும், நிப்பாட்டு...”

“ஒக்காருங்கண்ணே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “மொதல்ல தாடு சொன்னதே நீங்கதான்!”

உட்கார்ந்துவிட்டார். தவளை தன் வாயால் கெட்ட கதைதான்.

அதற்குப் பிறகு நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. அவள் ஏமாந்ததில் தப்பில்லை என்றார் ஒருவர். நல்லதை நல்லது என்று நம்பினாள், பொய் சொன்னது அவனல்லவா என்றார். அவள் தெரிந்துகொண்டே கேட்டிருப்பாள், அவளுக்கும் பேச்சுத்துணை வேண்டாமா என்று ஒரு பெண் கேட்க, இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். மக்கு என்று சொன்ன என் மாணவி தூணோரம் நின்றிருந்தாள்.

“நானும் தாடு சொல்லிட்டேன் ஸயாமா,” என்றாள். “கதை தெரிஞ்சும் சொல்லிட்டேன்.”

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டியூஷன் மேசையில் எனக்கு விளக்க வராததை மண்டபம் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. சோறு ஆறுகிறது என்று சமையல்காரர் வந்து வந்து சொல்லியும் யாரும் எழவில்லை. கதவு திறந்ததா என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

கடைசியில் தலைவர் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். “சரி. அடுத்த மாசமும் பொம்பளைங்கள்லயே ஒருத்தர் பேசட்டும். யார் பேசுறீங்க?”

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அதைப் பார்த்து அவர் மைக்கை மேசையில் வைத்துவிட்டார்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு மெதுவாக என்னிடம் வந்தார்.

“அந்தக் கதவு... தொறந்துச்சா?”

“படிச்சுப் பாருங்கண்ணே.”

“சரி, குடு.” கையை நீட்டினார்.

“அண்ணி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த மாசம் அவங்கதானே பேசுறாங்க, முன்வரிசையில ஒக்காந்து கேட்டுக்கங்க.”