பவர் சப்ளை பழுது

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. பழைய டிவி, கம்ப்யூட்டர், மிக்சி, சார்ஜர் எது இருந்தாலும் ஞாயிறு காலை வாசலுக்கு வரும் வண்டியில் போட்டுவிடலாமாம். என் மனைவி அதைப் படித்த கையோடு நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். வீடு மூன்று முறை மாறியபோதும் கூடவே வந்த ஒரு கோணிப்பை அது. ஒவ்வொரு முறையும் "இது எதுக்கு?" என்று கேட்பாள். நானும் ஒவ்வொரு முறையும் "இருக்கட்டும்" என்பேன்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். என் முழங்கால் போட்ட சத்தத்தில் கீழே இருந்தவள் ஸ்டூல்தான் உடைகிறதோ என்று ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். கோணிப்பைக்குள் ஒரு சிபியூ பெட்டி, ஒரு கீபோர்டு. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். குப்பென்று அந்த வாசனை வந்தது. பழந்தூசி, வெந்த பிளாஸ்டிக், சால்டரிங் பிசின் எல்லாம் கலந்த வாசனை. வேறு யாருக்காவது தும்மல் வந்திருக்கும். எனக்கு மைசூரின் கே.ஜி. கொப்பல் வந்தது.

அங்கே ஜெயலட்சுமி மேடத்தின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட் இருந்தது. காரை விற்றுவிட்டார்கள், ஷெட்டை என்ன செய்வது என்று யோசித்து மேடம் ஆரம்பித்ததுதான் எங்கள் குழு. கம்பெனிகள் கழித்துக் கட்டும் கம்ப்யூட்டர்களை வாங்கி வந்து, சரிசெய்து, தேவைப்படுகிறவர்களுக்கு இனாமாகக் கொடுப்போம். சம்பளம் கிடையாது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வந்தால் மேடம் வீட்டுக் காபியும் சிலநாள் அரிசிமாவில் தட்டிய அக்கி ரொட்டியும் உண்டு. நான் உட்பட நாலைந்து பேர் ரொட்டிக்காகத்தான் வந்தோம் என்று மேடம் கேலி செய்வார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நான் அப்போது ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன், கல்யாணம் ஆகவில்லை, அறையில் சமைப்பதற்குச் சோம்பல்.

பக்கத்து வீட்டில் ஊதுபத்தி உருட்டுவார்கள். அந்தச் சந்தன வாசனையும் எங்கள் பிசின் புகையும் ஷெட்டுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும். எனக்கு அங்கே ஒரே ஒரு வித்தைதான் பிடிபட்டிருந்தது. செத்துப்போனதாக வரும் கம்ப்யூட்டரில் ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் நன்றாகத் தேய்த்து மறுபடி சொருகுவேன். பத்தில் நாலு உயிர்பெற்றுவிடும். அந்த நாலை வைத்துக்கொண்டு நான் என்னைப் பெரிய டாக்டராக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், ஆனால் என்னோடு தமிழில்தான் பேசுவார், பாதி தமிழ் பாதி கன்னடமாக. இரண்டு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது. ஒன்று, எந்த மெஷின் வந்தாலும் முதலில் அதன் ஹார்டு டிஸ்க்கை மூன்று சுற்று அழித்துவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே கூடாது. ஆரம்ப நாட்களில் யாரோ ஒருவன் ஒரு மெஷினில் கிடந்த குடும்பப் படங்களைத் திறந்து சிரித்திருக்கிறான். அன்றைக்கு மேடம் போட்ட சட்டம் அது.

"ஒளகே இருக்கறது அவங்க வாழ்க்கை. அத நோட்பாரதுப்பா. மொதல்ல அழி, ஆமேல ஸ்க்ரூடிரைவர் எடு."

இன்னொன்று ஜாதகம். அப்படித்தான் நாங்கள் அதைச் சொல்வோம். ஒவ்வொரு பெட்டியின் தகட்டுக்கு உள்பக்கமும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கொடுத்தவர், சரிசெய்தவர், பெற்றவர், திரும்பி வந்தால் என்ன காரணம். மெஷின் எங்கே போனாலும் அதன் கதை அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது மேடத்தின் எண்ணம். பொய் எழுத யாருக்கும் தோன்றாத சீட்டு அது. எனக்குத் தோன்றியது.

இப்போது தகட்டைத் திருப்பினேன். சீட்டு பழுப்பேறி ஓரம் சுருண்டிருந்தது. ஆனால் எழுத்து அப்படியே இருந்தது. பெற்றவர்: மாதேஸ்வரி, கௌதள்ளி. காரணம் என்ற இடத்தில் என் கையெழுத்தில், நல்ல நீல மையில்: பவர் சப்ளை பழுது.

அந்தப் பவர் சப்ளையில் ஒரு பழுதும் இல்லை.

மாதேஸ்வரி கொள்ளேகால் தாண்டி, பாலாறு போகிற வழியில் இருக்கும் கௌதள்ளிக்காரர். வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலைக்கு மைசூருக்கு வந்தபோது கூட வந்தவர். ஹெப்பாளில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் தரை துடைக்கும் வேலை. அந்தக் கம்பெனிதான் எங்களுக்கு அந்த வருஷம் இருபது கம்ப்யூட்டர் கொடுத்தது. கம்ப்யூட்டர்களை நாங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் துடைப்பத்தோடு வந்து நின்றார். மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்தார், நான் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க சார், இதுல ஒன்னு எனக்குக் கெடைக்குமுங்களா? தமிழ் அடிக்கப் பழகோணுமுங்க. பன்னெண்டு வரைக்கும் படிச்சிருக்கறனுங்க. ஜெராக்ஸ் கடையில டைப்பிங் தெரிஞ்சாத்தான் சேத்துக்குவோங்கறாங்க."

கொடுத்தோம். நானே என் கையால் தயார் செய்தேன். தமிழ் எழுத்துகளைத் தாளில் குட்டிக் குட்டியாக எழுதி, வெட்டி, கீபோர்டின் ஒவ்வொரு கட்டையிலும் ஒட்டுத்தாள் போட்டு ஒட்டினேன். ஒரு ஞாயிறு முழுவதும் அதற்கே போனது. மாதேஸ்வரி வாங்கிக்கொண்டு போக வந்தபோது ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வராமல் இருந்திருக்கலாம்.

எங்கள் குழு மாதம் ஒரு செய்தித் தாள் போடும். ஒரே ஒரு தாள், முன்னும் பின்னும். இந்த மாதம் எத்தனை மெஷின் வந்தது, யாருக்குப் போனது, யார் புதிதாகச் சேர்ந்தார் என்பதுபோலச் செய்திகள். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருக்கும். மூலையில் ஒரு தமிழ்ப் பத்தி, அது என்னுடையது. மெஷின் கொடுத்த கம்பெனிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் அதை ஒட்டுவார்கள். என் பத்தியை ஒரு ஜீவனும் படிப்பதில்லை என்று நான் மேடத்திடம் புலம்பாத மாதம் கிடையாது.

"போட்டோ ஒன்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க சார். பேரும் போடாதீங்க."

"முகம் வராது. பேரும் வராது. கை மட்டும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். இனாமாகப் பொருளை வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள், கொடுத்தவன் கேட்கிறான், எத்தனை முறைதான் வேண்டாம் என்பார்? கையை மட்டும் எடுத்தேன். பேர் போடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு மனதார நம்பினேன். தலைப்பு மட்டும் வைத்தேன்: துடைப்பம் பிடித்த கைகள். இந்த மெஷின்களைக் கொடுத்த அலுவலகத்திலேயே தரை துடைக்கும் பெண் இவள் என்று எழுதினேன். கொள்ளேகாலைத் தாண்டிய ஒரு சிற்றூரிலிருந்து பிழைக்க வந்தவள் என்று எழுதினேன். கண்ணீர் மல்க வாங்கிக்கொண்டாள் என்றும் எழுதினேன். மாதேஸ்வரி கண்ணில் ஒரு துளி நீர் வரவில்லை. பத்திக்கு ஒரு ஈரம் வேண்டுமே என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். அதே தாளில் பழைய மானிட்டர் ஒன்று கொடுத்த மேனேஜருக்கு 'அவர்' போட்டிருந்தேன். இவருக்கு 'அவள்'. இதை நான் கவனித்ததே பல வருஷம் கழித்துத்தான்.

அந்த மாதம் என் பத்தியைப் படித்தார்கள். அந்தக் கம்பெனியில் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டினார்கள். அங்கே வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவர், அவரும் கௌதள்ளிப் பக்கம், நின்று படித்திருக்கிறார். அந்த ஊரிலிருந்து அந்த அலுவலகத்தில் தரை துடைக்க இருந்தது ஒரே ஒருவர்தான். பேர் எதற்கு? போனில் படம் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாகக்கூடத் தெரியவில்லை. ஊர்ப் பெண் பேப்பரில் வந்திருக்கிறாள் என்று சந்தோஷமாகவே அனுப்பியிருக்கலாம்.

இரண்டு சனிக்கிழமை கழித்து மத்தியானம் ஓர் ஆட்டோ வந்து ஷெட் வாசலில் நின்றது. மேடம் மார்க்கெட் போயிருந்தார். நான் மட்டும் ரப்பரும் கையுமாக இருந்தேன். மாதேஸ்வரி இறங்கினார். மானிட்டர், பெட்டி, கீபோர்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். வயர்களைச் சுருட்டி நூல் போட்டுக் கட்டியிருந்தார். மானிட்டருக்குப் பழைய சேலைத் துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். அந்த உறையை மட்டும் கழற்றி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னாச்சுங்க? வேலை செய்யலையா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஊர்ல அம்மாகிட்ட ஆபீசுல வேலைன்னு சொல்லியிருந்தனுங்க. என்ன வேலைன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப போன திருவிழாவுக்கு நாலு பேரு அம்மாகிட்ட, உம் மக தரை தொடைக்கறாளாமேன்னு கேட்டிருக்கறாங்க. தொடைக்கறதுல எனக்கு வெக்கமில்லீங்க சார். நான் எங்கீங்க அழுதேன்? அழுது வாங்குனான்னு எழுதிப்புட்டீங்களே."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான் என்பதுபோல. நல்லவேளை, அது வெளியே வரவில்லை.

"உள்ள ஒரு பக்கம் அடிச்சு வெச்சிருக்கறனுங்க," என்றார். "தமிழ்லதான். நான் யாருன்னு நானே எழுதியிருக்கறேன். அடுத்த மாசம் அந்த எடத்துல அதப் போடுங்க சார். போதும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உள்ள இருக்கறத நாங்க பாக்கறதில்லீங்க. அது எங்க ரூல்."

"என் கையி வெளிய இருந்துதுங்களே. அதுக்கு ரூலு இல்லீங்களா?"

"சரி, பாக்கறேன்," என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டார்.

பார்க்கவில்லை. படித்தால் போட வேண்டியிருக்கும். போட்டால் கண்ணீர் பொய் என்று மேடத்துக்கும் குழுவுக்கும் தெரிந்துவிடும். நியாயமான ஆள் என்று என்மேல் அவர்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை இழக்க எனக்கு மனதில்லை. மேடம் மார்க்கெட்டிலிருந்து வருவதற்குள் அழிக்கும் சீடியைப் போட்டுவிட்டேன். மூன்று சுற்று. திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்றுத் தொடங்குவதற்கு முன் நிறுத்தியிருக்கலாம். கை எட்டும் தூரத்தில்தான் பொத்தான் இருந்தது. சட்டப்படி நடக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடம் வந்ததும் கேட்டார்: "ஏன்ப்பா வாபஸ் வந்துச்சு?"

"பவர் சப்ளை போச்சு மேடம்."

ஜாதகத்திலும் அப்படியே எழுதினேன். பழுது என்று எழுதிவிட்டால் அந்த மெஷின் உதிரிபாக அலமாரிக்குப் போகும். போனது. ஒருவர் ரேமைக் கழற்றினார், ஒருவர் டிஸ்க்கை, ஒருவர் மின்விசிறியை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர், என் ஒரு வரிப் பொய்யால், ஒரு மாதத்தில் வெறும் பெட்டியாகிவிட்டது.

அடுத்த மாதத் தாளில் என் பத்தி வந்தது. கீபோர்டைச் சுத்தம் செய்வது எப்படி என்று எழுதியிருந்தேன். அதையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு நேர்கீழே உள்ள தரையைத் தினமும் துடைக்கிற ஒருவர், துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அந்த மூலையைத் தேடிப் படித்திருப்பார். இதை நினைக்காமல் இருக்க எத்தனையோ வழி பார்த்துவிட்டேன்.

ஒருமுறை மேட்டூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பஸ் கொள்ளேகால், ஹனூர் தாண்டி கௌதள்ளியில் பத்து நிமிஷம் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். கடையில் தமிழிலும் கன்னடத்திலும் பேச்சு கலந்து கேட்டது. யாரிடமாவது கேட்டிருந்தால் மாதேஸ்வரியின் அம்மா வீட்டைக் காட்டியிருப்பார்கள். நான் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குவதுபோல உட்கார்ந்திருந்தேன். வெயில் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அன்றைக்கு வெயிலே இல்லை.

அப்புறம் எல்லாம் மாறிப்போனது. ஆளுக்கொரு போன் வந்தது, பெரிய மானிட்டர்களைக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மேடம் மகளோடு இருக்கப் புனே போய், அங்கேயே காலமானார். ஷெட் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி பி.ஜி. விடுதி நிற்கிறது. ஊதுபத்தி உருட்டியவர்களும் அங்கே இல்லை. குழுவைக் கலைத்த அன்று ஆளுக்கு ஒரு நினைவுப் பொருள் எடுத்துக்கொண்டோம். ஒருவர் சுவர்க் கடிகாரத்தை எடுத்தார், ஒருவர் ரொட்டிக் கல்லையே கேட்டு வாங்கிப் போனார். நான் இந்தக் காலிப் பெட்டியையும் கீபோர்டையும் எடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். என் கையெழுத்தை வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக எடுத்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஞாயிறு காலை வண்டி வந்தது. கோணிப்பையோடு கீழே போனேன். கீபோர்டில் நான் ஒட்டிய எழுத்துகளில் பாதிக்குமேல் உதிர்ந்திருந்தன. மீதியிருந்தவற்றில் சில நடுவில் தேய்ந்து வெளுத்திருந்தன. ஒட்டியதிலிருந்து திரும்பி வரும்வரை இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அப்படித் தேய வேண்டுமென்றால் எவ்வளவு அடித்துப் பழகியிருப்பார்!

வண்டியில் இருந்த அம்மாள் பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பட்டியலைப் பார்த்துக் கேட்டார்: "ஒளகே ஏனாதரூ இதியா சார்?" உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று.

"ஏனூ இல்லா," என்றேன்.

இல்லைதான். ஒரு பக்கம் இருந்தது. என் தமிழை யாரும் படிப்பதில்லை என்று மாதா மாதம் புலம்பியவன் நான். என்னை நம்பி, நான் படிப்பேன் என்று ஒருவர் அடித்து வைத்த ஒரே ஒரு பக்கத்தை நான் படிக்கவில்லை.